விட்டும் விடாதது

அம்மாவின் திதி ஆடித் தேய்பிறை சப்தமி. காலையில் குறுக்குத்துறைப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் விடுவோம். ராத்திரி இலை எடுத்த பிறகு செக்சம் பார்ப்போம். முதலாவது தாத்தா காலத்து வழக்கம். இரண்டாவது நான் 2011-இல் ஆரம்பித்து வைத்தது.

அம்மா தினமும் விளக்கேற்றியதும் தேவாரம் பாடுவாள். 1986-இல் அண்ணன் ஒரு டேப்ரெக்கார்டர் வாங்கிவந்து அதை ஏழு கேசட்டில் பதிந்தான். 2003-இல் அவள் போனாள். கேசட்டில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும் நான் அவற்றைக் கணினிக்கு மாற்றினேன். 14 பக்கம், 14 ஃப்ளாக் கோப்பு. ஒரு பிரதி என் லினக்ஸ் கணினியில், ஒரு பிரதி மதுரையில் தம்பி வீட்டுக்கு நான் கட்டிக்கொடுத்த ஃப்ரீபிஎஸ்டி பெட்டியில், ஒரு பிரதி பெங்களூரில் அக்கா மகனுடைய மேக்கில். வருடத்துக்கு ஒருமுறை மூவரும் செக்சம் போட்டு ஒப்பிடுவோம். ஒரு கோப்பின் பைட்டுகள் அத்தனையையும் அரைத்து ஒரு நீண்ட எண்ணாக ஆக்குவதுதான் செக்சம். கோப்பில் ஒரு பிட் புரண்டாலும் எண் அடியோடு வேறாகிவிடும். எண் ஒன்றாக வந்தால் கோப்பும் ஒன்று.

ஒரு வருடம் ராத்திரி பத்து மணிக்கு, காலைத் திதி முடிந்து பெங்களூர் திரும்பியிருந்த அக்கா மகனிடமிருந்து போன்.

"மாமா, ஆச்சி வேற மாதிரி வாறா."

"என்னல சொல்லுத?"

"உங்க நம்பரும் எங்க நம்பரும் ஒண்ணுகூடச் சேரல. பதினாலும் வேற."

வட்டு கெட்டால் ஒன்றிரண்டு கோப்பு கெடும். பதினாலும் ஒழுங்காகக் கெட்டிருக்கிறது என்றால் கெட்டது கோப்பு இல்லை, கேள்வி. "உன் எண்ணில் எத்தனை எழுத்து இருக்கு, எண்ணிச் சொல்லு" என்றேன். 40 என்றான். என்னுடையதில் 64. விஷயம் புரிந்துவிட்டது. நான் லினக்ஸில் ஷா256சம் என்ற கட்டளையில் போட்டிருந்தேன். மேக்கில் அவனுக்குக் கிடைத்தது ஷாசம். அது பெர்ல் மொழியில் எழுதிய வேறொரு கருவி. எந்த முறை என்று சொல்லாவிட்டால் அது ஷா-1 முறையில் கணக்குப் போடும். அதற்கு 40 எழுத்து. 'மைனஸ் ஏ 256' என்று சேர்த்தால்தான் நாங்கள் பேசிவைத்த ஷா-256 வரும். சேர்த்தான். பதினாலும் பொருந்தின.

அவன் தூங்கப் போய்விட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்று காலையில்தான் படித்துறையில் அவன் என்னிடம் வேறொன்றைக் கேட்டிருந்தான். வழக்கமாக வரும் ஐயருக்கு உடம்பு முடியாமல் புது ஐயர் வந்திருந்தார். அவர் சங்கல்பம் சொன்ன வரிசையும் உச்சரிப்பும் வேறு. "மாமா, இவர் வேற மாதிரி சொல்லுதாரே, ஆச்சிக்குப் போய்ச் சேருமா?" அதற்கு நான் பதில் சொல்லவில்லை. ராத்திரி அதே கேள்வி போனில் திரும்பி வந்தது. வேறு வாயால், வேறு வரிசையில் சொன்னாலும் சுட்டப்படுகிறவர் அவரேதானா? அவரே என்று நாம் எதை வைத்துச் சொல்கிறோம்?

யூனிக்ஸ் கணினிகளைப் பராமரித்தே 28 வருடம் சம்பளம் வாங்கியவன் நான். ஒரே காரியத்துக்கு ஊருக்கு ஒரு கருவி இருக்கும் உலகம் அது. லினக்ஸில் குனூ கருவிகள் முதலில் எண்ணை எழுதி, இரண்டு இடம் விட்டு, கோப்பின் பெயரைப் போடும். அந்த இரண்டாவது இடம் சும்மா இல்லை. பைனரியாகப் படித்தேன் என்று காட்ட அங்கே ஒரு நட்சத்திரக் குறி வரலாம். யூனிக்ஸில் பைனரி, உரை என்ற வேறுபாட்டுக்கு வேலையே இல்லை. குறி மட்டும் நிற்கிறது. ஃப்ரீபிஎஸ்டியின் எம்டி5, ஷா256 கட்டளைகள் முறையின் பெயரை முதலில் சொல்லி, கோப்பின் பெயரை அடைப்புக்குறிக்குள் வைத்து, சமக்குறி போட்டுக் கடைசியில் எண்ணைத் தரும். சோலாரிஸில் கட்டளையின் பெயர் டைஜெஸ்ட். ஒரே கோப்பைக் கொடுத்தால் எண்ணைத் தவிர ஒரு வார்த்தை பேசாது. ஏஐஎக்ஸில் சிசம். ஓப்பன்எஸ்எஸ்எல் வைத்தும் போடலாம். அதன் மூன்றாம் பதிப்பில் ஷா256 என்று வந்த இடத்தில் ஷா2-256 என்று வர ஆரம்பித்தது. பழைய பெயரைத் தேடும்படி எழுதிவைத்த நிரல்கள் எண் சரியாக இருந்தும் தவறு என்று கூவின.

எழுத்து வேறு, எண் ஒன்று என்றால் பரவாயில்லை. எண்ணே வேறான கதையும் உண்டு. பழைய யூனிக்ஸில் சம் என்று ஒரு கட்டளை. பெர்க்லி வழி வந்த சம் ஒவ்வொரு பைட்டைக் கூட்டுவதற்கு முன்பும் தொகையை ஒரு பிட் சுழற்றும். சிஸ்டம் ஃபைவ் வழி வந்த சம் சுழற்றாது, வெறுமனே கூட்டிக்கொண்டே போகும். கூட்டலில் வரிசைக்கு மதிப்பில்லை. ஒரு பதிகத்தின் பாடல்களை மேலும் கீழுமாகக் கலைத்துக் கொடுத்தாலும் சிஸ்டம் ஃபைவ் சம் அதே எண்ணைச் சொல்லும். அதன் பார்வையில் எல்லாம் இருக்கிறது, ஒன்றும் குறையவில்லை. முன்பின் முக்கியம் என்று பெர்க்லி சம் சொல்லும். இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாமல்தான் 1992-இல் வந்த போசிக்ஸ் தரம் இரண்டையும் விட்டுவிட்டு, சிகேசம் என்று மூன்றாவது ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவும் ஒதுங்கித்தான் நின்றது. ஜிப் கோப்புகளுக்குள் இருக்கும் சிஆர்சி எண்ணுக்கு அடிப்படையான பல்லுறுப்புக் கோவையும் சிகேசத்தின் கோவையும் ஒன்றே. ஆனால் சிகேசம் பிட்டுகளை வேறு வரிசையில் எடுக்கும், கோப்பின் நீளத்தையும் கடைசியில் சேர்த்து அரைக்கும். ஒரே சூத்திரம், ஒரே கோப்பு, விடை மட்டும் வேறு.

இந்தக் கருவிகளிடம் ஒன்றுமே இல்லாத கோப்பைக் கொடுத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சம் பூஜ்யம் என்கிறது. சிகேசம் 4294967295 என்கிறது. அது 32 பிட்டும் ஒன்றாக நிற்கும் எண். அந்த இடத்தில் அதைவிடப் பெரியது எழுத முடியாது. அதே வெறுமையை ஒருவர் சூனியம் என்று எழுதுகிறார், ஒருவர் பூரணம் என்று எழுதுகிறார். இதைத் தத்துவச் சண்டையாகப் பார்த்துச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வராது. ஒரு வருடம் வட்டில் இடம் தீர்ந்து ஒரு கோப்பு பூஜ்யம் பைட்டோடு நின்றுவிட்டது. கவனிக்காமல் அதிலிருந்தே புதுச் செக்சம் பட்டியல் போட்டேன். அடுத்த திதிக்குச் சோதித்தபோது 'சரி' என்றே வந்தது. வெறுமை வெறுமையோடு பொருந்தியது, அவ்வளவுதான். தம்பியின் பிரதி இருந்ததால் பிழைத்தேன். ஷா-256-இல் வெறுமையின் எண் ஈ3பி0 என்று தொடங்கும். இன்றைக்கும் பட்டியலில் அந்த நான்கு எழுத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

நெல்லையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நடத்திய மாலை வகுப்பில்தான் தேவதத்தனைத் தெரிந்துகொண்டேன். வேதாந்திகளின் பழைய உதாரணம் அது. அன்றைக்கு வேறோர் ஊரில் பார்த்த ஆளை இன்றைக்கு இந்த ஊரில் பார்த்து 'அந்தத் தேவதத்தனே இவன்' என்கிறோம். 'அந்த' என்பதில் அந்த ஊரும் அந்தக் காலமும் இருக்கின்றன. 'இவன்' என்பதில் இந்த ஊரும் இந்தக் காலமும் இருக்கின்றன. அவை ஒன்றாக முடியாது. ஆகவே ஊரையும் காலத்தையும் விடவேண்டும். ஆளை விடக்கூடாது. இதற்கு விட்டும் விடாத இலக்கணை என்று பெயர். ஒரு பங்கை விட்டு, ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு 'ஒன்று' என்பது. இதை வைத்து வேதாந்தி ஜீவனும் பிரமமும் ஒன்று என்று நிறுவுவார். நாங்கள் சித்தாந்தக் குடும்பம். அந்த முடிவை அம்மா கடைசி வரை ஒப்புக்கொண்டதில்லை. உதாரணம் மட்டும் நல்ல உதாரணம் என்பாள்.

செக்சம் பட்டியலைப் படிப்பதும் இதே வேலைதான். அடைப்புக்குறியை விடு, சமக்குறியை விடு, நட்சத்திரத்தை விடு, முன்பின் வரிசையை விடு. எண்ணை விடாதே. குனூ கருவி ஒரு படி மேலே போய், பிஎஸ்டி நடையில் எழுதிய பட்டியலையும் தானே படித்துச் சரிபார்க்கும். 2021-இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து குனூவின் சிகேசத்திடம் ஷா-256 கேட்டால் பிஎஸ்டி நடையிலேயே பதில் எழுதுகிறது. வெகுநாள் பங்காளிச் சண்டை பேச்சுவார்த்தையில் முடிந்ததுபோல. ஆனால் 'மைனஸ் சி' என்ற ஒரே குறி குனூவில் 'இந்தப் பட்டியலை வைத்துச் சரிபார்' என்றும், ஃப்ரீபிஎஸ்டியின் எம்டி5 கட்டளையில் 'இந்த எண்ணோடு ஒப்பிடு' என்றும் பொருள்படும். பட்டியலைக் கேட்பவரிடம் எண்ணையும், எண்ணைக் கேட்பவரிடம் பட்டியலையும் தம்பி பல வருடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

இதுவரை எல்லாம் சுலபம். விடவேண்டியது எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சிக்கல் கோளறு பதிகத்தில் வந்தது.

அம்மாவின் மூன்றாம் கேசட்டின் முதல் பக்கம் கோளறு பதிகம். கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன். ஒருமுறை அதை மேக்கின் பழைய வகை வட்டொன்றில், எச்எஃப்எஸ் பிளஸ் என்பார்கள், எடுத்துவந்து என் கணினியில் போட்டேன். பட்டியலை வைத்துச் சரிபார்த்தால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்றது. கண்ணெதிரே இருக்கிறது, பெயரும் அதேதான், எழுத்துக்கு எழுத்து. இல்லை என்கிறது. பிறகு பைட்டைப் பிரித்துப் பார்த்தேன். யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். ககரமும் ஓகாரக் குறியும் என்று இரண்டாக வைத்தால் 6 பைட். ஓகாரக் குறியை இரட்டைச் சுழி, கால் என்று பிரித்து மூன்றாக வைத்தால் 9 பைட். இரண்டும் சமம் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. அந்த வட்டு பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். என் லினக்ஸுக்கு 6 வேறு, 9 வேறு. உள்ளே அம்மாவின் குரல் ஒரு பிட் மாறாமல் இருந்தது. பெயரில் இருந்த ஓகாரம் மட்டும் கால் தனியாகப் பிரிந்து நின்றது.

பெயரை விட்டுவிடலாம், குரலே முக்கியம் என்று அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னேன். அடுத்த வருடம் மருமகன் அந்தத் தீர்ப்பையும் கலைத்தான். கோளறு பதிகத்தின் செக்சமே மாறிவிட்டது. முறையும் சரி, பெயரும் சரி, எண் வேறு. கேட்டால், "ஒண்ணும் பண்ணல மாமா, டேக்ல மட்டும் திருத்தினேன்" என்றான். ஃப்ளாக் கோப்பின் தலைப்பகுதியில் பாடல் விவரம் எழுதும் இடம் உண்டு. அங்கே நான் பண் பியந்தைக் காந்தாரம் என்று எழுதியிருந்தேன். அவன் சங்கீதம் கற்றுக்கொள்கிறவன். இந்தக் காலத்தில் அதை நவரோஜ் ராகத்தில் பாடுவதால் அதை அடித்துவிட்டு நவரோஜ் என்று போட்டிருந்தான்.

ஃப்ளாக்கில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. சுருக்குவதற்கு முந்தைய ஒலிக்கு மட்டும் ஓர் எம்டி5 எண் கணக்கிட்டுக் கோப்பின் தொடக்கத்திலேயே பொதிந்துவைக்கும். மெட்டாஃப்ளாக் என்ற கட்டளையில் அதைக் கேட்டு வாங்கலாம். வாங்கினேன். உள்ளே இருந்த எண் மாறவில்லை. வெளி எண் மாறிவிட்டது. சட்டை வேறு, உடம்பு அதே என்று சொல்லலாம். உடம்பு வேறு, உயிர் அதே என்றும் சொல்லலாம். மருமகன் ஜெயித்த குரலில், "பாத்தீங்களா, ஆச்சி அப்படியேதான் இருக்கா" என்றான்.

எனக்கு மனது ஒப்பவில்லை. அம்மா நவரோஜ் என்ற சொல்லை வாழ்நாளில் சொன்னதில்லை. பண்ணின் பெயர் அவள் தன் அம்மாவிடம் காதால் வாங்கியது. மூன்றாம் பாட்டில் ஒரு சொல்லை அச்சுப் புத்தகத்தில் இருக்கிறபடி பாடமாட்டாள். அந்த ஆச்சி சொல்லிக்கொடுத்தபடிதான் பாடுவாள். ஒலியின் செக்சத்துக்கு நவரோஜ் என்பதும் பியந்தைக் காந்தாரம் என்பதும் வெளியே ஒட்டிய சீட்டு. எனக்கு அது அவளுடைய பகுதி. அவன் விடலாம் என்றதை நான் விடமுடியாது என்றேன். இருவர் கையிலும் இருந்த எண்கள் பொய் சொல்லவில்லை. வெளி எண்ணிடம் 'எல்லாம் அப்படியே இருக்கிறதா?' என்று கேட்டோம். உள் எண்ணிடம் 'ஒலி அப்படியே இருக்கிறதா?' என்று கேட்டோம். இரண்டும் கேட்டதற்குச் சரியாகவே பதில் தந்தன. எதை விடலாம் என்று இரண்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லுவது அவற்றின் வேலை இல்லை.

சுவடி பதிப்பித்தவர்களை நினைத்துக்கொள்கிறேன். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிடும் முன் பல சுவடிகளை ஒப்பிட்டார். ஒரு சுவடிபோல் இன்னொன்று இல்லை. ஷா-256-ஐக் கேட்டிருந்தால் அத்தனையும் வேறு வேறு நூல் என்று கைவிரித்திருக்கும். அவருக்கு அத்தனையும் சிந்தாமணி, வேறுபாடுகள் பாடபேதம். எங்கள் கேசட்டுக்கும் அதுதான் நிலைமை. ஒரே கேசட்டை இரண்டுமுறை ஓடவிட்டுக் கணினியில் பதிந்தால் இரண்டு செக்சமும் ஒருநாளும் ஒன்றாக வராது. நாடாவின் வேகம் ஓர் இழை மாறும், இரைச்சல் ஓர் இழை மாறும். அப்படியென்றால் என் 64 எழுத்து அம்மாவின் குரலுக்குச் சாட்சி இல்லை. 2011-இல் என் மேசையில் ஒரு மத்தியானம் நடந்த பதிவுக்குத்தான் சாட்சி. அதற்கு முன்னால் 1986-க்குப் போகும் வழி அதற்குத் தெரியாது. அது எனக்கும் அண்ணனுக்கும் காதால் தெரியும்.

சைவ சித்தாந்தம் அறிவதற்கு மூன்று அளவைகளை வைக்கிறது: காண்டல், கருதல், உரை. செக்சம் கருதல் வகை. எண் ஒன்று, ஆகவே கோப்பு ஒன்று என்று ஊகிக்கிறோம். அந்த ஊகத்திலும் ஓட்டை விழுந்திருக்கிறது. எம்டி5-இல் வேறு வேறு உள்ளடக்கத்துக்கு ஒரே எண் வருவதை 2004-இல் சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் குழுவினர் காட்டினார்கள். ஷா-1-இல் அதையே 2017-இல் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிலையமும் கூகிளும் சேர்ந்து இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வைத்துக் காட்டின. வட்டு தானாகக் கெடுவதைக் கண்டுபிடிக்க இவை இன்னும் போதும். வேண்டுமென்றே ஏமாற்ற வருகிறவனுக்கு எதிராகப் போதாது. ஊகம் வலுவாக இருந்தாலும், ஒப்பிடவேண்டிய எண்ணை யார் தந்தார் என்ற கேள்வி நிற்கிறது. அது உரை அளவை. சொன்னவர் நம்பத்தக்கவரா என்பதுதான் அங்கே பேச்சு. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்டின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், இறக்குவோரைப் பின்கதவு வைத்த பிரதிக்குத் திருப்பிவிட்டார்கள். இணையதளமே பகைவன் கையில் இருக்கும்போது அதே பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண் யாருக்குச் சாட்சி? கோப்பும் பட்டியலும் ஒரே வட்டில் இருப்பதும் அதே கதைதான்.

மருமகன் படித்துறையில் கேட்டதற்கு ஒருவழியாக இந்த வருடம் பதில் சொன்னேன். ஐயரின் வரிசை மாறலாம், உச்சரிப்பு மாறலாம். அது அடைப்புக்குறியும் சமக்குறியும். சிவகோத்திரம், அம்மாவின் பெயர், அவளுக்கு மேல் இரண்டு தலைமுறைப் பெயர்: இதை மாற்றிச் சொன்னால் நான் நிறுத்தச் சொல்லுவேன். "அப்போ அது சேரும்னு உங்களுக்கு நிச்சயமா?" என்றான். சேருகிறதா என்பதைச் சரிபார்க்கப் பட்டியல் எதுவும் என்னிடம் இல்லை என்றேன். நம் பக்கத்திலிருந்து விடக்கூடாததை விடாமல் அனுப்புவது மட்டும் நம் கையில்.

வீட்டில் பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மழைக்காலத்துக்கு முன் அதை மாற்றிவிடுங்கள். கோப்பின் பெயரை எண்ணில் வையுங்கள். பாடலின் பெயர், பண், பாடியவர், யாரிடம் கற்றார் என்பதையெல்லாம் தனியாக ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையும் ஒரு கோப்பாக்கிப் பட்டியலில் சேருங்கள். பட்டியலின் தலையில் எந்த முறையில் போட்டது என்று எழுதுங்கள். ஒரு நகலை வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள். எங்கள் பட்டியலில் இப்போது 15 வரி. பதினைந்தாவது வரி அந்தத் தாள். அதில் பியந்தைக் காந்தாரம் என்று நானும், அதற்குக் கீழே நவரோஜ் என்று அவனும் எழுதியிருக்கிறோம். இந்த ஆடியில் மூன்று ஊரிலும் 15-ம் சரியாக வந்தன.